பிஸ்கட் போட்டவர் பெயரில்

தெருநாய்க்குக் கடைசியாகத் தீனி போட்டவரே அதன் உரிமையாளர் என்று நகராட்சிக் கேமராக்கள் தீர்மானிக்கத் தொடங்கியதும், ஊரே எச்சில் இலையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது. அந்தச் சட்டத்தை மேசையைத் தட்டி நிறைவேற்றிய கவுன்சிலர் கஜேந்திரனோ, ஜீவகாருண்ய விழாவில் மாலையும் கழுத்துமாக நின்று பதினான்கு நாய்களுக்குப் பிஸ்கட் போட்டார்.

மறுநாள் காலை அவர் வாசலில் பதினான்கும் நின்றன. கூடவே ஊசிப் பெட்டியோடு கால்நடை ஆய்வாளர் பரிமளா.

“ஐயா, பதினாலு நாய்க்கும் லைசென்ஸ் உங்க பேர்ல வந்துடுச்சு. ஒவ்வொண்ணாப் பிடிச்சுக்குங்க, ரேபிஸ் ஊசி போடணும். இன்னிக்குப் போடலேன்னா, நீங்க கொண்டுவந்த சட்டப்படியே உங்க பதவி போயிடும்.”

“ஏம்மா, நான் போட்டோவுக்குத்தானே போட்டேன்!”

“நமக்குத் தெரியுதுங்கய்யா. இதுங்க நிஜம்னு நம்பிடுச்சுங்களே!”

பதினான்கு வால்களும் ஆடின. கவுன்சிலர் வேட்டியை மடித்துக் கட்டினார்.