உள்ளே விட்ட துணி

தையல் இயந்திரத்தின் சின்ன விளக்கு நீலக் கம்பளித் துணியின் மேல் மட்டும் மஞ்சளாக விழுகிறது. வெளியே மழை. தையற்காரியின் காலடியில் அவள் நாய் துரை, மழித்த கழுத்தில் புதுத் தழும்போடு, ஜமீன்தார் தோரணையில் படுத்திருக்கிறது. அங்கிருந்த கட்டியை அறுத்தெடுத்துச் சோதித்த டாக்டர், புற்றுநோய்தான், ஆனால் மெதுவாக வளரும் வகை, மிச்சத்தை மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். வாசலில் அவளுடைய அண்ணன் துக்கம் விசாரிக்க வந்த முகத்தோடு நிற்கிறார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. “ஒரு ஊசி போட்டா நிம்மதியாப் போயிடும்மா. எதுக்கு இழுத்துக்கிட்டு?” அவள் டாக்டர் சொன்னபடி கையுறையை மாட்டி, மாத்திரையை இறைச்சித் துண்டுக்குள் திணித்து நீட்டுகிறாள். துரை இறைச்சியை மட்டும் சப்பித் தின்றுவிட்டு, மாத்திரையை அண்ணனின் செருப்பருகே துப்புகிறது. “சாகப் போறவன் பண்ற வேலையாண்ணா இது?” என்றபடி அதை எடுத்து, தாடையைப் பிளந்து, அடிநாக்கில் போட்டுத் தொண்டையை நீவுகிறாள். விழுங்குகிறது. அப்புறம் வயிற்றைச் சுற்றி அளவுநாடாவை ஓட்டி, துணியின் ஓரத்தை ஒரு கை அகலத்துக்கு உள்ளே மடிக்கிறாள். “நாய்ச் சட்டைக்கு எதுக்கு இவ்வளவு துணி உள்ள விடறே?” “மாத்திரை நல்லாப் பசியைக் கிளப்புமாம். அடுத்த மழைக்குள்ள பெருத்துடுவான். அப்போ பிரிச்சு விட்டுக்கலாம்.” அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அவள் மிதியை அழுத்துகிறாள். இயந்திரத்தின் கடகடப்பில் அவர் சொன்னது யார் காதிலும் விழவில்லை.