மேல் தாழ்ப்பாள்

காலிங் பெல் மறுபடி அடித்தது. குமுதவல்லி கதவைத் திறக்காமல் லென்ஸ் வழியாகப் பார்த்தாள். தோளில் பை, தலையில் ஹெல்மெட், முகமே தெரியாத ஒருத்தன்.

"நெட் கம்பெனிலேருந்து வரேங்க. ஸ்லோவா இருக்குன்னு பிரஹலாத் சார் கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தாரு. எங்க பெட்டியைப் பார்க்கணும்."

அந்தப் பெட்டியைத்தான் கழற்றியாகிவிட்டதே. கம்பெனிக்காரன் கொடுத்த ஓட்டைப் பெட்டி வேண்டாம், சொந்தமாக ஒரு ரூட்டர் வாங்கிவிடலாம் என்று அவள் கணவன் பிரஹலாத் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தான். நேற்று கடை கடையாக ஏறி விசாரித்துவிட்டும் வந்தான்.

இதோ, கடை ஆள் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ஹாலில் ஸ்டூல் போட்டு ஏறி, சுவரில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். நெற்றியில் பளிச்சென்று சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு. "அடியேன், ஸ்வாமி அனுப்பினார், ரூட்டர் மாட்டணும்" என்று பணிவாக வந்து நின்றார். ஸ்ரீரங்கத்தில் ஆண்பிள்ளை யாராயிருந்தாலும் ஸ்வாமிதானே. பிரஹலாதைத்தான் சொல்கிறார் என்று குமுதவல்லி உடனே உள்ளே விட்டுவிட்டாள்.

"யாரும்மா அது?" என்றார் அவர், மெதுவாக.

சொன்னாள். உள்ளறைத் தொட்டிலில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"பெட்டியே இல்லாத ஆத்துக்கு அவன் எதுக்கும்மா வரான்?"

"இவர் பேரைச் சொல்றானே."

"வாசல்ல பேர் போர்டு தொங்கறதே. படிக்கத் தெரியாதா அவனுக்கு? திறக்காதீங்கோ. ஆம்பளைகள் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் வருவா."

"இப்ப முடியாது, அப்புறம் வாங்க" என்று கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே சொன்னாள்.

"வெயில்ல அலைய விடுறாங்களே" என்று அவன் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினான். கீழே பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"மேல் தாழ்ப்பாள் உங்களுக்கு எட்டாது, அடியேன் போடறேன்" என்று அவரே வந்து போட்டார். என்ன ஒரு நல்ல மனுஷர்.

திருவெறும்பூரில் வேலையிலிருந்த பிரஹலாதுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "ரூட்டர் மாட்ட நீங்க அனுப்பின ஆள் ஆத்துல இருந்தாரோ, பொழைச்சேன். நான் பாட்டுக்கு அந்தத் தடியனுக்குக் கதவைத் திறந்திருப்பேன்."



"ரூட்டரா? நான் இன்னும் வாங்கவே இல்லையே."