கப்பலின் இரண்டு கண்கள்

கப்பல் வழி பார்த்துப் போகட்டும் என்று அதன் மூக்கில் பக்கத்துக்கு ஒரு கண் வரைவது கிரேக்க மாலுமிகளின் வழக்கம். அப்படி வரைந்த ஒரு கப்பலின் கண்கள் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. குரல்தான் பழக்கம்.

ஒரு நாள் அந்தக் கப்பல் இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலான கடல்வழிக்குள் நுழைந்தது. துடுப்புப் போட்ட நாற்பது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“சுக்கான் அண்ணே, பாறைமேல ஆறு தலைப் பூதம் தூங்குது. இடப்பக்கம் ஒதுங்குங்க,” என்று வலக்கண் கிசுகிசுத்தது.

“ஐயோ, இங்க பெரிய சுழி! கப்பலையே முழுங்கிடும். வலப்பக்கம் போங்க,” என்றது இடக்கண்.

“நான் நடுவுலயே போயிடறேன். சத்தம் மட்டும் போடாதீங்க,” என்றது சுக்கான்.

கப்பல் மெல்ல நகர்ந்தது. பாதி வழி கடந்தாயிற்று.

“பூதமாம் பூதம்! ஏதாவது பாசியைப் பார்த்திருப்பே,” என்று இடக்கண் முணுமுணுத்தது.

“பாசிக்கு ஆறு தலை இருக்குமா?”

“உனக்கு எண்ணத் தெரியுமா முதல்ல?”

“வாயை மூடுங்கப்பா!” என்று சுக்கான் கெஞ்சியது.

வலக்கண்ணுக்குப் பொறுக்கவில்லை. “ஆறு! நான் எண்ணிப் பார்த்தேன்! ஆறு!” என்று பாறை அதிரக் கத்தியது.

பாறைமேல் பன்னிரண்டு கண்கள் திறந்தன. நீண்ட கழுத்துகள் கப்பலை நோக்கி இறங்கின. அவற்றில் ஒரு தலை கப்பலைத் தாண்டி வளைந்து இடக்கண்ணுக்கு நேர் எதிரே வந்து நின்றது.

பின்னால் மற்றத் தலைகள் ஆட்களைக் கவ்வக் கவ்வ, துடுப்புகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

“இப்ப நம்புறியா?” என்றது வலக்கண், சந்தோஷமாக.