நீலத் தையல்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் யாரோ நோயாளிக்குப் போட்டுவிட்டுப் படுக்கை விரிப்புக்குள் விட்டுப்போன ஊசி என் கட்டைவிரலில் குத்தியது. மூலைக் கிழிசலை நானே நீல நூலால் தைத்த விரிப்பு அது. ஒரு சொட்டு ரத்தம் பட்டதும் எரிக்கச் சொல்லிவிட்டார்கள். எரிந்து முடியும்வரை நின்று பார்த்தேன்.

முதல் எச்.ஐ.வி. சோதனையில் ஒன்றுமில்லை. "இவ்வளவு சீக்கிரம் பாத்தா உறுதியாச் சொல்ல முடியாதும்மா. மூணு மாசம் கழிச்சு வாங்க," என்றார் லேப் அக்கா.

அன்று மதியம் டிரையரிலிருந்து அந்த விரிப்பு வந்தது. நீலத் தையல், பக்கத்தில் ஈரமான சிவப்புப் புள்ளி.

"பெட்ஷீட்னா எல்லாம் ஒரே மாதிரிதாம்மா இருக்கும்," என்றார் சூப்பர்வைசர். மறுபடி எரித்தார்கள். மறுபடி நின்று பார்த்தேன்.

இன்று கடைசிச் சோதனை. "ஒண்ணுமே இல்ல. இனி இந்தப் பக்கமே வராதீங்க," என்று அக்கா சிரித்தார். மதியம் ஒவ்வொரு விரிப்பாக உதறிப் பார்த்தேன். அது வரவில்லை. பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

வீட்டில் கணவர் படுத்திருந்தார். மூன்று மாதமாக அவரைத் தொடவிடாமல் தள்ளிப் படுத்திருக்கிறேன்.

"இந்த பெட்ஷீட் ஏதுங்க?"

"நீதானே கட்டில்ல வெச்சுட்டுப் போனே," என்றார், கண்ணைத் திறக்காமல். "இன்னும் சூடா இருக்கு. வந்து படு."

நீலத் தையல் அவர் கன்னத்தடியில் இருந்தது. பக்கத்தில், எனக்கென்று அவர் விட்டிருந்த இடத்தில், புள்ளி இன்னும் காயவில்லை.