இரண்டு வரிசை பேட்டரி

“ரெண்டு வரிசை பத்தாது சார். ஸ்கேட்போர்டு உங்களையும் சேத்துல்ல இழுக்கணும்? உங்க உடம்புக்கு நாலு வரிசை போடணும் லா.”

ஜாலான் புசார் பக்கம் சந்துக்குள் இருந்த பேட்டரிக் கடையில், அப்துல் கஃபார் என் கணவரின் வயிற்றைப் பார்த்தபடியே சொன்னார்.

மேசைமேல் இரண்டு பேட்டரிகள். விரல் பருமன் செல்களை அடுக்கி, பற்றவைத்து, நீல உறை போட்டவை. பெரியது சிறியதைப் போல் இரண்டு மடங்கு.

இளமாறன் சிறியதைத் தூக்கிப் பார்த்தார். “இதே போதும் பாய்.”

“அக்கா, நீங்களாச்சும் சொல்லுங்க. சார் எண்பத்தஞ்சு கிலோ இருப்பாரு. பாதி மேட்டுல நின்னுடும். அப்புறம் சார் அத தூக்கிட்டு நடக்கணும்.”

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் சிரித்திருப்பேன்.

பழைய மடிக்கணினியிலிருந்து எடுத்த செல்களில் செய்தது பாதி விலைக்குக் கிடைக்கும் என்றார் பாய். இவர் வேண்டாமென்றார். புதுச் செல்கள்தான் வேண்டும். வயரிலும் அப்படித்தான். மெல்லியதே தாங்கும் என்றார் பாய். இவர் ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்து, இருப்பதிலேயே தடிமனானதை எடுத்தார். எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடாகக் கூடாதாம்.

தெருவுக்கு வந்த பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

தோ பாயோ போகும் பேருந்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். எங்கள் நிறுத்தம் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

இதயம் என்றார் மருத்துவர். இரத்தக்குழாய் அடைப்பு.

வீட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் காரணம் போதவில்லை. ஸ்கேட்போர்டுப் பலகையில் ஏறி விழுந்துவிட்டார் என்றார் ஒருவர். கரண்ட் அடித்துவிட்டது என்றார் இன்னொருவர். வீட்டில் செய்துகொண்டிருந்த பலகைக்கு அப்போது சக்கரம்தான் மாட்டியிருந்தது. பேட்டரி பையை விட்டு வெளியே வரவே இல்லை. சொல்லிப் பார்த்தேன். “ஆமா, ஆமா” என்று என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போது மறுபடியும் கரண்ட் என்றார்கள்.

கருமாதியன்று சாப்பாடு முடிந்ததும் அவருடைய தம்பி முத்துராமன் பலகையையும் பேட்டரிப் பையையும் எடுத்து வாசலில் வைத்தார். மின்சைக்கிள் வைத்திருப்பவர், பேட்டரியைப் பற்றி அவர் சொன்னால் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

“அம்பத்தெட்டு வயசுல அண்ணனுக்கு சின்னப் பையன்னு நெனப்பு. அதுலயும் கஞ்சத்தனம், பாருங்க. இந்த பேட்டரி அவர் பாதி உடம்பத்தான் இழுக்கும். மீதிப் பாதி பஸ்ல வரணும்.”

பாயசக் கிண்ணங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு சிரித்தார்கள்.

மலிவானதைத் தொடாத மனிதர். கடையிலேயே தடித்த வயரைத் தேடி எடுத்த மனிதர். அவரா கஞ்சன்?

நான் போய்ப் பையை எடுத்தேன்.

“விடுங்க அண்ணி. வீட்டுல வச்சிருக்கிறதே ஆபத்து. ரோட்டுல ஓட்டவும் கூடாது. நான் கொண்டுபோய்ப் போட்டுடுறேன்.”

“ரோட்டுல ஓட்டல. பூன் லே பக்கம் அவர் கூட்டாளி முபாரக்கோட பட்டறை முற்றம் ஞாயித்துக்கிழமையில காலியாதான் கெடக்கு.”

“சரி, யாரு ஓட்டப் போறா?”

“நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். முத்துராமன் குழந்தையிடமிருந்து கத்தியை வாங்குவதுபோல் என் கையிலிருந்து பையை வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை.

பலகை முதலிலிருந்தே எனக்குத்தான். ஐம்பத்தைந்து வயதில் எனக்கு அப்படியோர் ஆசை. சொன்னபோது அவர் ஏன் என்று கேட்கவில்லை, எவ்வளவு வேகம் என்றுதான் கேட்டார். ஊர் சிரிக்குமே என்றேன். “என்னப் பாத்துச் சிரிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பார்த்தவர்களிடமெல்லாம் தனக்கென்றே சொல்லிவைத்தார். நண்பர்களின் கேலி, தம்பியின் கேலி, கடைக்காரரின் கேலி எல்லாவற்றையும் அவரே வாங்கிக்கொண்டார்.

பேட்டரியையும் எனக்காகத்தான் கையில் தூக்கிப் பார்த்தார். நான் ஓட்ட வேண்டும், நானே தூக்கிக்கொண்டு வீடு திரும்பவும் வேண்டும். அதற்கு இரண்டு வரிசை தாராளம்.

அவர் போன பிறகு நான் பாதியாய் இளைத்துவிட்டேன் என்று அன்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் போனதும் குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்த எடைக்கருவியில் ஏறி நின்றேன்.

நாற்பத்தெட்டு கிலோ. எப்போதும்போல.