ஏழு மஞ்சள் குடைகள்

மொட்டைமாடியில் நின்று, கிளிநொச்சி நகரை ஏழு துண்டாகப் படமெடுத்து வந்திருந்தான் நிஷாந்தன். ஸ்ரூடியோக் கணினியில் அவற்றை ஒரே நீளப் படமாக ஒட்டியதும், பின்னேர வெயிலில் ஊர் கனவுபோல நீண்டு விரிந்தது. ஆனால் ஏழு இடத்தில் ஒரே மஞ்சள் குடை.

"ஆரோ ஒருத்தி, நான் கமராவைத் திருப்பத் திருப்பக் கூடவே நடந்திருக்கிறா!"

எரிச்சலோடு ஆறு குடைகளை அழித்தான்.

"கடைசிக் குடையை விடுங்கோ," என்றாள் அவனுக்குத் தொழில் பழக்கும் சிவரூபி.

"ஏன்?"

"கமராவை மெல்லமாத் திருப்புங்கோ எண்டு பழக்கினதே நான்தான். அந்த வேகத்தில குடையோட வெயிலுக்குள்ள நடக்கப் பட்ட பாடு எனக்கெல்லோ தெரியும்!"

அழித்ததை மீட்கும் விசையை நிஷாந்தன் ஆறு தரம் அழுத்தினான். திரையில் தெரிந்த வீதியில் ஆறு குடைகளும் ஒவ்வொன்றாகத் திரும்ப விரிந்தன.