கட்டை வைக்காத குடில்

இப்ப உள்ள ஆக்களுக்கு வெட்கமே இல்லை. போன மாரியில், உறைந்த ஏரியில் நான் மூச்சுவாங்கத் துளைத்த குழியில், அங்கே மீன்பிடிக்க வருகிற குலேந்திரன் தன் தூண்டிலைப் போட்டான். கேட்டதற்கு, "ஐஸ் என்ன உங்கட சீதனக் காணியோ அண்ணை?" என்று சிரித்தான்.

இந்த மாரி ஒட்டுப்பலகையில் நானே ஒரு குடில் அடித்தேன். உள்ளே விறகடுப்பு, தரையில் மீன்பிடிக்க ஒரு துளை, ஒரேயொரு ஆள் குந்தக்கூடிய வாங்கு. அதை இழுத்துப்போய், அவன் வழமையாக மீன்பிடிக்கிற இடத்தின் மேலேயே வைத்தேன். அவன் வந்து கதவைத் தட்டினான்.

"அண்ணை, அடியில கட்டை வையுங்கோ. அடுப்புச் சூட்டில ஐஸ் உருகித் திரும்ப உறைஞ்சா குடிலை விடாது."

என்னைக் கிளப்பி இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். "உன்ர புத்தியை நீயே வைச்சிரு" என்று கதவைச் சாத்தினேன்.

பங்குனியில் ஐஸ் இளகத் தொடங்கியது. குடிலைக் கரைக்கு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை; அடிப்பலகை ஒரு சாண் ஐஸுக்குள் இறுகிக் கிடந்தது. குலேந்திரன் கோடாலியோடு வந்து, முழங்காலில் நின்று கொத்தினான்.

"மற்றப் பக்கம் பிடியுங்கோ அண்ணை! நாளைக்கு இது தண்ணிக்குள்ள போயிடும்."

நான் தூண்டிலை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தேன். கரையில் ஏறின பிறகும் கோடாலிச் சத்தம் கேட்டது. நல்லாத்தான் நடிக்கிறான்.